மெமோவுக்கு முன் ஓர் உரையாடல்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் தலைமை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும், தலைமை மருத்துவர்களுக்கும், வட்டார மருத்துவ அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

காலிப் பணியிடங்கள், மருந்துத் தட்டுப்பாடு, பதவி உயர்வு ஆகியவற்றைப் பற்றி உங்களுக்கு வரும் மடல்கள் ஏராளம். அவற்றைச் சங்கங்கள் எழுதிக்கொண்டிருக்கின்றன, தொடர்ந்து எழுதட்டும். உங்களுக்குக் கீழ்ப் பணியாற்றும் இளம் மருத்துவரையோ செவிலியரையோ நீங்கள் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்திய பின் நடக்கும் பேச்சைப் பற்றி மட்டுமே நான் எழுதுகிறேன். கவனித்துக் கேட்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது, ஆம் இல்லை என்று முடித்துவிட முடியாத கேள்வியைக் கேட்பது, நாக்கு நுனிவரை வந்துவிட்ட அறிவுரையைச் சற்று நேரம் தள்ளிவைப்பது என ஆலோசனை உளவியல் கற்றுத்தரும் திறன்கள் சில உண்டு. தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தம் சக பணியாளர்களுக்குத் துணைநிற்க அவற்றைக் கையாளக் கற்க வேண்டும் என்பதும், அந்தப் பேச்சை விசாரணையோடு ஒருபோதும் கலக்கக் கூடாது என்பதும் என் வேண்டுகோள்.

நான் மகப்பேறு மருத்துவராக இவ்விரு மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளிலும் பணியாற்றி, தலைமை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பிற்பகுதியில் தொலைநிலைக் கல்வியில் ஆலோசனை உளவியல் படித்தேன். பள்ளிச் சீருடை போட வேண்டிய வயதில் கருவுற்று வரும் பெண்பிள்ளைகளிடமும், அவர்களை அழைத்து வரும் மாமியார்களிடமும் எப்படிப் பேசுவது என்று தெரிந்துகொள்ளவே அதைப் படித்தேன். ஆனால், படித்தது அதிகம் பயன்பட்டது டியூட்டி ரூமில்தான்.

நம் ஊர்ப் பணியின் தன்மை உங்களுக்குத் தெரியாததல்ல. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் காயம்பட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் காஷுவாலிட்டிக்கு வந்து சேர்வார்கள். சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம் பக்கத்திலிருந்து வரும் கர்ப்பிணிக்கு மலைப்பாதையிலேயே பாதி நேரம் கரைந்துவிடும். தென் மாவட்டத்திலிருந்து தளிக்கோ அஞ்செட்டிக்கோ பணியமர்த்தப்பட்டு வரும் மருத்துவர், தெலுங்கும் கன்னடமும் பேசும் நோயாளிகளிடையே முதல் சில மாதங்கள் தவித்துப் போய்விடுவார். அடுத்த டிரான்ஸ்பர் கவுன்சலிங் எப்போது என்பதே அவருடைய நினைப்பாக இருக்கும். தருமபுரி மருத்துவக் கல்லூரி 2008 இலும் கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி 2022 இலும் வந்த பிறகு படுக்கைகளும் கருவிகளும் கூடியிருக்கின்றன. நாட்டுக்கே முன்மாதிரி என்று சொல்லப்படும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதும் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டு வாசல்வரை சென்று நோயாளியிடம் பரிவாகப் பேசச் சொல்லும் நாம், அந்தப் பணியாளரிடம் எந்தத் தொனியில் பேசுகிறோம் என்பதற்குப் பயிற்சியும் இல்லை, கணக்கும் இல்லை.

எடுத்துக்காட்டாக, தாய் இறப்பு ஆய்வைச் சொல்கிறேன். ஒவ்வொரு தாய் இறப்பையும் பதிவு செய்து, காரணத்தைத் தேடி, மாவட்ட ஆட்சியர்வரை கொண்டு சென்று ஆய்வு செய்யும் நடைமுறையில் தமிழ்நாடு முன்னோடி மாநிலங்களுள் ஒன்று. இந்நடைமுறை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. யாரையும் குற்றவாளியாக்குவது ஆய்வின் நோக்கமன்று என்று நடுவணரசின் வழிகாட்டு நெறிகளும் தெளிவாகச் சொல்கின்றன. ஆனால், கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்லும் இருபத்தேழு வயது மருத்துவரின் காதில் விழுவது அந்த நெறி அல்ல. 'ஏன் முன்பே அனுப்பவில்லை' என்ற கேள்வி மட்டுமே விழுகிறது. அடுத்த மாதத்திலிருந்து அவர் எல்லோரையும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பத் தொடங்குகிறார். காலில் இலேசான வீக்கம், முதல் பிரசவம், உயரம் சற்றுக் குறைவு என எல்லாமே ரெஃபரல் சீட்டில் 'ஹை ரிஸ்க்' ஆகிவிடுகின்றன. பெரிய மருத்துவமனையில் இரவுப் பணியில் இருப்பவர் எரிச்சலடைகிறார். தொலைபேசியில் சுடுசொல் விழுகிறது. மாதக் கூட்டத்தில் 'ஏன் இவ்வளவு ரெஃபரல்' என்று மறுபடியும் எழுப்பி நிறுத்துகிறார்கள். அவரும் 'இனிமேல் நடக்காது' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். மறு மாதமும் அதுவே நடக்கிறது.

சிகிச்சையில் தவறோ இழப்போ நேர்ந்தபின் மருத்துவருக்கும் காயம்படுகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்; அவர்களை 'இரண்டாவதாகப் பாதிக்கப்பட்டவர்' என்று குறித்தார். உயிரிழந்தவரின் குடும்பத்தார் சிலர் இந்தச் சொல்லை ஏற்கவில்லை. மருத்துவரைப் பாதிக்கப்பட்டவர் என்று அழைப்பது பொறுப்பை மங்கச் செய்யும் என்றார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. எனினும், என்ன பெயரிட்டாலும் அந்த நிலை உண்மை. அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து வரும் நோயாளியே அதன் விலையைக் கொடுக்கிறார்.

நான் சொன்ன அந்த நிலையில் இருந்த ஒரு மருத்துவரோடு நடந்த பேச்சில் ஒரு பகுதியை, அவரை அடையாளம் காண முடியாதவாறு, இங்கே தருகிறேன். மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கில் ஒரு தாயை அவர் இழந்திருந்தார். 108 வந்து, ஏற்றி, பாதி வழியில் உயிர் போனது.

"டாக்டர், இது விசாரணை இல்லை. நீங்க சொல்றதை நான் எங்கயும் எழுதப் போறதில்லை. ரெஃபரல் கூடியிருக்கு, அதைப் பத்திப் பேசணும்னு கூப்பிட்டேன். நீங்க அதை எப்படிப் பாக்கறீங்க?"

"ரிஸ்க் எடுக்க வேண்டாம்னுதான் மேடம்."

"ரிஸ்க் எடுக்கற நிலைமையில இப்ப நீங்க இல்லை."

இது கேள்வியல்ல, அவர் சொன்னதை அவரிடமே திருப்பிக் கொடுத்தது. இதற்குப் பின் நான் வாய் திறக்கவில்லை. தலைமை மருத்துவருக்கு மிகவும் கடினமான வேலை இந்தச் சும்மா இருத்தல்தான் என்பேன். அவர் மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"லேபர் வார்டுல ஸ்கிரீனை இழுக்கற சத்தம் கேட்டாலே கை சில்லுனு ஆயிடுது மேடம்."

"அந்த அம்மா போனதுலேர்ந்து."

"ஆமா மேடம். வீட்டுலகூட யார்கிட்டயும் சொல்லலை."

அதன்பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "அடுத்த பிரசவத்துல பக்கத்துல என்ன இருந்தா, இந்த கேஸை நாமளே பாத்துக்கலாம்னு உங்களுக்குத் தோணும்?" அவர் இரண்டு பதில்கள் சொன்னார். சீமாங் மையத்தில், அதாவது அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையத்தில், சில இரவுகள் கூட நின்று, இரத்தப்போக்கை நிறுத்தும் முறைகளைத் தம் கையால் செய்து பழக வேண்டும் என்றார். இரவில் அழைத்தால் திட்டாமல் போனை எடுக்கும் ஒரு சீனியரின் எண் வேண்டும் என்றார். முதலாவதை நானே ஆணையாக எழுதியிருப்பேன். அவரும் வந்து கையொப்பமிட்டுப் போயிருப்பார். இரண்டாவது என் நினைவில் இல்லாதது. குறை இருந்தது அவருடைய சுகாதார நிலையத்தில் அல்ல, எங்கள் தொலைபேசியின் முனையில் என்பது அந்தப் பேச்சு இல்லாவிட்டால் எனக்குத் தெரியவே வந்திருக்காது. ரெஃபரல் ஒரேயடியாகக் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், சீட்டில் காரணத்தை முழுமையாக எழுத ஆரம்பித்தார். அனுப்பும் முன் அழைத்துக் கேட்கத் தொடங்கினார். கேட்டபின் சிலரை அங்கேயே வைத்துப் பார்த்தார்.

இத்தகைய பேச்சில் நமக்குக் குறுக்கே நிற்பது நம்முடைய தொழில் பழக்கமே. குறையைக் கண்டவுடன் திருத்தத் துடிக்கும் ஓர் அனிச்சை ஆலோசகர்களிடமும் இருப்பதை உளவியலாளர்கள் வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் எடுத்துக்காட்டினார்கள். குடிப்பழக்கம் உடையோரிடம் மில்லரின் குழு நடத்தி 1993 இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்து வாதாடினாரோ அவ்வளவுக்கு அந்த நபர் ஓராண்டுக்குப் பின்னும் அதிகமாகக் குடித்தார் என்று தெரியவந்தது. நாம் ஒரு பக்கத்தை வலியுறுத்தும்போது, எதிரில் இருப்பவர் மறுபக்கத்துக்கு வாதாடத் தொடங்குகிறார். வாதாடும்போது தம் பேச்சைத் தாமே நம்பவும் தொடங்குகிறார். மாத்திரை சாப்பிடாத சர்க்கரை நோயாளியிடம் இதை நாம் அன்றாடம் காண்கிறோம். தாமதமாக வரும் பயிற்சி மருத்துவரிடமும் அதே விதிதான் வேலை செய்கிறது. ஒரு வேறுபாடு: நோயாளி நம்மிடம் வாதாடுவார், பயிற்சி மருத்துவர் 'ஓகே சார்' என்று சொல்லிவிட்டு மனத்துக்குள் வாதாடுவார். அதனால்தான் நம் அறிவுரை பலித்துவிட்டதாக நாம் ஏமாந்து போகிறோம்.

இத்திறன்களுக்கெல்லாம் அடியில் இருப்பது அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957 இல் முன்வைத்த கருத்து. ஒருவர் மாறுவதற்குத் துணைநிற்பவரிடம் இருக்க வேண்டியவை என்று அவர் சொன்னவற்றுள் மூன்று பரவலாகப் பேசப்படுகின்றன: உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை, மற்றவர் நிலையில் நின்று உணர்தல், நிபந்தனையற்ற மதிப்பு. மூன்றாவது அரசுப் பணியில் முழுமையாக இயலாது என்பது என் கருத்து. மயக்க மருந்துப் பதிவேட்டை நிரப்பாமல் விட்டவரை நான் நிபந்தனையில்லாமல் மதித்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால், செயலைக் கண்டிக்கும்போது ஆளைக் கீழே தள்ளாமல் இருக்க முடியும். அவ்வளவு செய்தாலே நம் மருத்துவமனைகளில் பெரிய மாற்றம்தான். முதலாவது இன்னும் முக்கியம். பயிற்சி வகுப்பில் கற்ற 'உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது' என்ற வாக்கியத்தை எந்திரம்போல் சொல்லும் அதிகாரியைவிட, எரிச்சலை எரிச்சலென்றே சொல்லும் அதிகாரி மேல். பணியாளர்கள் போலியை நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

'இதற்கெல்லாம் நேரம் எங்கே' என்ற கேள்வி உங்கள் மனத்தில் எழுந்திருக்கும். ஓ.பி. முடிந்து, ரவுண்ட்ஸ் முடிந்து, வீடியோ கான்ஃபரன்ஸ் முடிந்து, அறிக்கை அனுப்பி முடிக்கையில் மாலையாகிவிடுகிறது. நான் கேட்பது எல்லோரோடும் நாள்தோறும் பேச வேண்டும் என்றல்ல. மேற்சொன்ன பேச்சு இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. ஒரு மெமோ எழுதி, விளக்கம் வாங்கி, விளக்கம் ஏற்புடையதல்ல என்று மறுபடி எழுதி, அதற்கு அமைச்சுப் பணியாளரிடம் கோப்பு போட ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'இளக்காரமாகிவிடும்' என்பது மற்றோர் அச்சம். அதற்கு மருத்துவமனைகளிலிருந்தே ஒரு விடை இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996 இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல தலைமை வாய்த்த செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அவை கூடுதலாக வந்தன. அக்குழுக்கள் அதிகம் தவறு செய்ததால் அன்று, செய்த தவறை அஞ்சாமல் வெளியே சொன்னதால் அப்படி வந்திருக்கும் என்ற விளக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். செவி கைக்கும் செய்தி மேலே வரும் மருத்துவமனையில்தான் அதைத் திருத்தவும் முடியும். எந்தத் தவறும் பதிவாகாத வார்டைக் கண்டால் நான் மகிழ்வதில்லை. அங்கே போய் உட்கார வேண்டும் என்று குறித்துக்கொள்வேன்.

கேள்வி கேட்கும் முறைக்கு இன்னொரு நிகழ்வைச் சொல்கிறேன். கன்னடமும் தெலுங்கும் பேசும் மக்கள் நிறைந்த வட்டாரம் ஒன்றில், தெற்கிலிருந்து வந்த மூத்த செவிலியர் ஒருவர் கர்ப்பிணிகளிடம் கடுகடுவென்று நடந்துகொள்கிறார் என்று புகார்கள் வந்தன. அங்கிருந்த தலைமை மருத்துவர் அவரைவிட வயதில் மிக இளையவர்; கண்டித்தால் அவமானமாகும், விட்டால் புகார் வளரும் என்ற இக்கட்டில் என்னை அழைத்தார். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் வளர்த்தெடுத்த ஆலோசனை முறையில் ஓர் எளிய உத்தி உண்டு: நிலைமைக்கு மதிப்பெண் போடச் சொல்வது. "சிஸ்டர், இந்த வார்டுல உங்க வேலை உங்களுக்கே எவ்வளவு திருப்தியா இருக்கு, பத்துக்கு எத்தனை போடுவீங்க?" என்று கேட்கச் சொன்னேன். "நாலு" என்றாராம். 'ஏன் பத்து இல்லை' என்று கேட்பது நமக்குப் பழக்கம். அது குற்றப்பத்திரிகை வாசிப்பதில் போய் முடியும். "ரெண்டுன்னு சொல்லாம நாலுன்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்க வேண்டும். "ஆயாம்மா இருக்கற ஷிஃப்ட்ல சமாளிச்சுடறேன் மேடம். நான் சொல்றதை அவங்க பாஷையில எடுத்துச் சொல்லுவாங்க. அவங்க இல்லாத நைட்ல நான் கத்தறதுதான் மிச்சம்." கடுகடுப்புக்குப் பின்னால் இருந்தது மொழி தெரியாத தவிப்பு. டியூட்டி சார்ட்டை மாற்றியமைத்தார்கள். பிரசவ வலியில் இருப்பவளிடம் சொல்ல வேண்டிய பத்துப் பன்னிரண்டு கன்னட வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். புகார் வந்த கோப்பில் இந்தக் காரணம் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் இம்மடலில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. தலைமை மருத்துவர் தம் பணியாளருக்கு மனநல ஆலோசகர் ஆகிவிடக் கூடாது. விடுப்பை அனுமதிப்பவரும், பணிப்பதிவேட்டில் எழுதுபவரும், தேவையென்றால் 17-ஏ, 17-பி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரைப்பவரும் நாம்தாம். அந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரின் குடும்பச் சண்டையையும் சிறுவயதுத் துயரையும் கிண்டிக் கேட்பது உதவியாகாது, அது அத்துமீறல். இத்தகைய இரட்டை உறவைத் தவிர்க்கச் சொல்வது உளவியல் துறையின் அடிப்படை அறநெறிகளுள் ஒன்று. நாம் கடன் வாங்குவது கேட்கும் முறையை மட்டும். பேசுபொருள் பணியைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன மருத்துவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்றபோது, அந்தக் கதவு வழியாக நான் உள்ளே போகவில்லை; பேசக்கூடிய இடங்கள் எவை என்று மட்டும் சொன்னேன்.

ஆகவே பேச்சின் தொடக்கத்திலேயே எல்லையைச் சொல்லிவிடுங்கள். இது விசாரணையா, துணைநிற்கும் பேச்சா என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். துணைநிற்கும் பேச்சென்றால், அதில் சொன்னது பின்னாளில் மெமோவில் வரக் கூடாது. ஒருமுறை வந்துவிட்டால் அந்த மருத்துவமனையில் பிறகு யாரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள். அதே நேரத்தில், எதை இரகசியமாக வைக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்: நோயாளியின் உயிருக்கு ஆபத்தான ஒன்று, பணியாளரின் உயிருக்கே ஆபத்தான ஒன்று. பாலியல் துன்புறுத்தல் புகாரைக் கூப்பிட்டுப் பேசிச் சமாதானப்படுத்தி அனுப்ப இத்திறன்களைப் பயன்படுத்தினால் அதைவிடக் கேடு வேறில்லை. அதற்கு 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது, அங்கேதான் போக வேண்டும். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது பற்றிய புகாரையும் பேசி முடித்துவிடக் கூடாது; அதுவும் அதற்குரிய சட்டத்தின் வழியே போக வேண்டும். இனிமையாகப் பேசத் தெரிந்த அதிகாரி, சட்டம் செய்ய வேண்டியதைத் தம் பேச்சால் மழுங்கடித்துவிட முடியும். இந்தத் திறனின் ஆபத்து அதுதான்.

பல வாரமாகத் தூங்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை, குடிக்காமல் டியூட்டிக்கு வர முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் நம் வேலை அங்கே முடிந்தது. உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்; சேர்ந்தாரா என்று பார்க்கவும் வேண்டும். தம் மருத்துவமனையின் மனநல ஓ.பி. வரிசையில் தம் நோயாளிகளோடு நிற்க எந்த மருத்துவரும் முன்வர மாட்டார் என்பதை ஒப்புக்கொண்டு, அண்டை மாவட்டத்திலோ, ஓசூரைத் தாண்டினால் இருக்கும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலோ பார்த்துக்கொள்ளக் கேள்வி கேட்காமல் விடுப்புக் கொடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண் நம் ஓ.பி. சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கிறது; டியூட்டி ரூம் சுவரிலும் ஒட்டலாம்.

இப்போது உங்களால் செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். பயிற்சி தருவதற்கு வெளியூரிலிருந்து விலையுயர்ந்த பயிற்சியாளர்கள் வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவரும் உளவியலாளரும் மனநல சமூகப் பணியாளரும் இருக்கிறார்கள்; அவர்களை முகாம்களுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்பும் நாம், நமக்கே ஒருமுறை பாடம் எடுக்கச் சொல்லிக் கேட்டதில்லை. இரண்டு அரைநாள்கள் போதும், ஆனால் அதில் பவர்பாயிண்ட் வேண்டாம். மும்மூன்று பேராக அமர்ந்து ஒருவர் பேச, ஒருவர் கேட்க, மூன்றாமவர் கவனித்துச் சொல்லும் பழைய பயிற்சிமுறையே இதற்குச் சரி. துறைத் தலைவர் ஒருவர் மற்றவர்முன் ஐந்து நிமிடம் அறிவுரை சொல்லாமல் கேட்டுப் பார்க்கட்டும்; எத்தனை முறை குறுக்கிட்டார் என்று மூன்றாமவர் எண்ணிச் சொல்லட்டும். சிரிப்பாகத்தான் தொடங்கும்.

இதில் நமக்குக் கொஞ்சம் கூச்சம் வர வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. 2019 இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்த மாணவர்களிலிருந்து, மனப்பாங்கு, அறநெறி, தொடர்புத்திறன் ஆகியவற்றைக் கற்பிக்கும் ஏட்காம் என்ற பாடம் நாடு முழுவதும் கட்டாயம் ஆக்கப்பட்டது. அந்த அணியினர் படிப்பும் பயிற்சியும் முடித்து நம்மிடம் பணிக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று முறையாகப் படித்த பிள்ளைகளை, அதை ஒருநாளும் படிக்காத நாம் வார்டில் எல்லோர் முன்னும் 'நீயெல்லாம் எப்படிப் பாஸ் பண்ணினாய்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். மாணவர்களுக்காக அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்களும் வந்துவிட்டன. பட்டம் வாங்கிய மறுநாள் அந்த ஆதரவு முடிந்துபோகிறது.

மற்றொன்று, மாதம் ஒருமுறை கூடும் சிறு குழு. 1950 களில் இலண்டனில் மைக்கேல் பாலிண்டும் அவர் மனைவி ஈனிட் பாலிண்டும் பொது மருத்துவர்களைக் கூட்டி, கேஸ் ஷீட் இல்லாமல், தம் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் பேசச் செய்தார்கள். நோயறிதல் சரியா தவறா என்பது அங்கே பேசுபொருள் அல்ல. அந்த நோயாளியோடு மருத்துவருக்கு ஏற்பட்ட உறவே பேசுபொருள். பாலக்கோடு, அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என வட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர் ஒரு மணி நேரம் இப்படி அமர முடியும். வருகைப் பதிவேடு வேண்டாம், நடவடிக்கைக் குறிப்பு வேண்டாம், புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம். செவிலியர்களையும் சேர்ப்பதா, தனியாக வைப்பதா என்பதில் எனக்கே இரு மனம் இருக்கிறது. மருத்துவர் எதிரில் அவர்கள் பேச மாட்டார்கள் என்பதால் முதலில் தனியாகத் தொடங்குவதே நல்லது என்று இப்போதைக்கு நினைக்கிறேன். தலைமை மருத்துவர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. வேறு வட்டாரத்தின் மூத்தவர் ஒருவர் வந்து நடத்தட்டும். பதிலுக்கு இவர் அங்கே போய் நடத்தட்டும்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் அறையில் உங்கள் நாற்காலி உயரமானது, எதிரில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் கண்ணாடி போட்ட மேசை, கதவோரம் கையெழுத்துக்கு நிற்கும் இளநிலை உதவியாளர். அங்கே உட்கார்ந்து 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று சொல்வதில் பொருளில்லை. தடுப்பூசி நாள் அல்லாத ஒரு பிற்பகலில் தடுப்பூசி அறையோ, செமினார் ஹாலின் ஒரு மூலையோ போதும். கைபேசியை வெளியே இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால் அவர் வந்து சொல்வார்.

இரு மாவட்டங்களிலும் ஒரே நேரத்தில் ஆணை போட்டுத் தொடங்க வேண்டாம் என்பது என் விண்ணப்பம். ஆணையாக வந்தால் அதற்கொரு படிவம் வரும், படிவத்துக்கு இலக்கு வரும், பேசாத பேச்சுக்கெல்லாம் எண்ணிக்கை நிரப்பி அனுப்புவார்கள். தருமபுரியில் ஒரு வட்டாரமும் கிருஷ்ணகிரியில் ஒரு வட்டாரமும் விரும்பி முன்வந்தால் போதும். ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு, பணியாளர்கள் தம் தவறுகளைத் தாமே வந்து சொல்வது கூடியிருக்கிறதா, இரவில் சீனியரை அழைப்பது கூடியிருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். பயிற்சியின் முதல் அரைநாளுக்கு வந்து உடனிருக்க நான் அணியமாக இருக்கிறேன். ஊதியமோ பயணப்படியோ வேண்டாம். முன்வரும் வட்டார மருத்துவ அலுவலர்கள், மாவட்ட மனநலத் திட்ட அலுவலரிடம் தங்கள் பெயரைச் சொல்லிவைத்தால், நாளையும் இடத்தையும் அவர் வழியாகவே முடிவு செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மகப்பேறு மருத்துவர்,
தருமபுரி.